தார்ன் பள்ளத்தாக்கில் மலை சைக்கிள்: கிலோமீட்டர் கணக்கில் தொடங்கும் தவறுகள்

"நாற்பது கிலோமீட்டர்தானே, மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிடலாம்." செவேன் மலைப்பக்கம் முதன்முறை சைக்கிளோடு வருகிறவர்கள் பலரும் இப்படித்தான் சொல்கிறார்கள். நானும் சொன்னேன். அன்று இருட்டும் நேரத்தில், கடைசி ஏற்றத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போதுதான் அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்று புரிந்தது.

தெற்குப் பிரான்சில், மத்திய மலைத்தொகுதி மத்தியதரைக் கடலை நோக்கிச் சரியும் இடம் இது. தார்ன், ஜோந்த், தூர்பி ஆகிய ஆறுகள் சுண்ணாம்புப் பாறையை நானூறு, ஐந்நூறு மீட்டர் ஆழத்துக்கு அறுத்து ஓடுகின்றன. ஆறுகளுக்கு நடுவே மேசைபோல் நிற்கும் வறண்ட பீடபூமிகளை இங்கே 'கோஸ்' என்கிறார்கள். ஊர்கள் பெரும்பாலும் ஆற்றங்கரையில் கீழே இருக்கின்றன. சைக்கிள் ஓட்ட அருமையான பாதைகள் மேலே இருக்கின்றன. ஆகவே ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குப் போவதென்றால், வரைபடத்தில் விரற்கடை தூரமாகத் தெரிந்தாலும், ஒரு முழு மலையை ஏறி இறங்க வேண்டும். ஃப்ளோராக் ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதன் தலைக்குமேல் நிற்கும் கோஸ் மெஜானின் விளிம்பு ஆயிரம் மீட்டரைத் தாண்டும். சேந்த் எனிமியிலும் அதே கதைதான்: பாலத்தைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கிவிடும்.

நான் இப்போது தூரத்தைப் பார்ப்பதற்கு முன் ஏற்றத்தைக் கூட்டுகிறேன். பையோடு, மண்பாதையில், எனக்கு மணிக்கு நானூறு மீட்டர் ஏற்றம் கைகூடும். இரண்டு தடவை பள்ளத்தாக்கில் இறங்கி ஏறும் பாதையில் மொத்த ஏற்றம் 1,200 மீட்டர் என்றால், ஏறுவதற்கு மட்டுமே மூன்று மணி நேரம். சமதளமும் இறக்கமும் பஞ்சரும் சாப்பாடும் அதற்கு மேல். உங்கள் வேகம் வேறாக இருக்கலாம். அதை வீட்டுக்குப் பக்கத்து மேட்டில் ஒரு நாள் அளந்துவிட்டு வாருங்கள். வரைபடம் வாங்குவதானால் பிரான்சின் அரசு நிலவரைபட நிறுவனமான ஐஜிஎன் வெளியிடும் 1:25,000 அளவு வரைபடத்தை வாங்குங்கள். அதில் சமஉயரக் கோடுகள் நெருங்கி ஒரே பழுப்புக் கறையாகத் தெரியும் இடத்தில், சைக்கிள் உங்கள் தோளில் இருக்கும்.

பிரேக் எந்தக் கையில்?

தமிழர்களுக்கென்றே தனியாகச் சொல்ல வேண்டிய தவறு ஒன்று உண்டு. இந்தியாவிலும் இலங்கையிலும் பெரும்பாலும் வலது கைப் பிடி முன் பிரேக்குக்கு. பிரான்சில் விற்கும், வாடகைக்குத் தரும் சைக்கிள்களில் இடது கைதான் முன் பிரேக். சமதளத்தில் இது பெரிதாகத் தெரியாது. செங்குத்தான இறக்கத்தில், ஒரு கல்லைப் பார்த்துப் பதறி, பழக்கத்தில் இடது கையால் 'பின் பிரேக்' என்று நினைத்து அழுத்தினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும். உடம்பு கைப்பிடிக்கு மேலே பறக்கும். வாடகைக் கடையிலேயே இரண்டையும் மாற்றிப் பொருத்தித் தரச் சொல்லலாம். இல்லாவிட்டால் கடை வாசலில் கால் மணி நேரம் வட்டமடித்துக் கையைப் பழக்கிக்கொண்டு கிளம்புங்கள். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று, பயத்தில் பிரேக்கை விடாமல் இலேசாகப் பிடித்துக்கொண்டே இறங்குவது. ஐந்நூறு மீட்டர் இறக்கம் முழுக்க அப்படிப் பிடித்தால் டிஸ்க்கும் பேடும் கொதித்துப்போய், கீழ்வளைவுகளில், பிரேக் மிகவும் தேவைப்படும் இடத்தில் பிடிமானம் குறைந்துவிடும். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுதாக விடுங்கள், காற்று டிஸ்க்கை ஆற்றட்டும். நடுவழியில் நின்று பள்ளத்தாக்கைப் பார்ப்பதும் நல்லதுதான். ஜோந்த் பள்ளத்தாக்கில் 1981 முதல் மீண்டும் குடியேற்றப்பட்ட பிணந்தின்னிக் கழுகுகள் இப்போது கண்மட்டத்திலேயே மிதந்து போகும். பிரேக் ஆறும்வரை நிற்பதற்கு அதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

காலடியில் என்ன கல்?

இந்தப் பகுதியை நான் விரும்புவதற்கு முதல் காரணம் கல். ஒரே நாளில் மூன்று வகைக் கல்லின்மேல் ஓட்டலாம். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். ஒரே டயர் அழுத்தம், ஒரே ஓட்டும் முறை என்று வருவதே பெரும்பாலான வழுக்கல்களுக்குக் காரணம்.

வடக்கே, தார்ன் ஆறு பிறக்கும் லொசேர் மலை கருங்கல் மலை. 1,699 மீட்டர் உயரம். உருண்டு திரண்ட பெரும்பாறைகள், அவற்றுக்கிடையே சொரசொரப்பான மணல். மழை பெய்தாலும் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடும். டயர் கல்லைப் பற்றிக்கொள்ளும். ஈரமான நாளில் எங்கே போவது என்று யாராவது கேட்டால் லொசேர் பக்கம் கைகாட்டுவேன். மணல் திரண்ட வளைவில் மட்டும் முன்சக்கரம் நழுவும்.

தெற்கேயும் கிழக்கேயும் செவேன் பள்ளத்தாக்குகள் பலகைக்கல் நாடு. ஏடு ஏடாகப் பிரியும் ஷிஸ்ட் என்ற பாறை. வீட்டுச் சுவர், கூரை, படிக்கட்டு வயல்களின் தாங்குசுவர் எல்லாமே அந்தக் கல்தான். காய்ந்திருக்கும்போது நல்ல பிடிமானம் உண்டு. நனைந்தால் பாசி படிந்த குளத்துப் படிதான். அக்டோபரில் அதன்மேல் கஷ்கொட்டை இலையும் முள்தோடும் விழுந்து மூடிவிடும்; அடியில் கல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. அங்கே சைக்கிளைச் சாய்க்காமல், பிரேக்கைத் தொடாமல், நேராகக் கடந்துவிட வேண்டும். மனம் ஒப்பாவிட்டால் இறங்கி நடங்கள்.

கோஸ் பீடபூமிகளோ சுண்ணாம்புக்கல். கூரிய விளிம்புகள் டயரின் பக்கச்சுவரைக் கத்திபோல் கிழிக்கும். நகரத்தில் ஓட்டும் மெல்லிய டயரோடு வந்தவர்கள் இங்கே டியூப் மாற்றி மாற்றியே நாளைக் கழிப்பதைப் பார்த்திருக்கிறேன். பக்கச்சுவர் தடித்த டயர், டியூப் இல்லாத முறை, உள்ளே அடைப்புத் திரவம், கையில் ஓட்டையை அடைக்கும் திரிகள்: இவை நான்கும் இருந்தால் நிம்மதி. அப்படியும் ஒரு டியூபைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதோடு உங்கள் சைக்கிளுக்கே உரிய டெரெய்லர் ஹேங்கர் ஒன்று, அதாவது பின்கியர் மாற்றியைச் சைக்கிள் சட்டத்தோடு இணைக்கும் துண்டு. சட்டத்துக்குச் சட்டம் மாறும் அந்தச் சிறு உலோகத்துண்டு வளைந்தால் கியர் போச்சு. மலைக்கிராமத்துக் கடையில் உங்களுக்குப் பொருந்துவது கிடைக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஆறு கோடையில் ஒன்று, இலையுதிர்காலத்தில் வேறொன்று

ஆகஸ்டில் தார்ன் ஆற்றைப் பார்த்தவர்களுக்கு அது கண்ணாடித் தண்ணீர். கூழாங்கல் தெரியும், பிள்ளைகள் குளிக்கும், படகுகள் நகரும். அந்த நினைவோடு செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ வருவதுதான் இந்தக் கட்டுரையிலேயே மிக ஆபத்தான தவறு. கோடை முழுக்கச் சூடேறிய மத்தியதரைக் கடலிலிருந்து ஈரக்காற்று வடக்கே வந்து செவேன் மலைச்சுவரில் மோதி மேலெழும்பி, ஒரே இடத்தில் மணிக்கணக்காகக் கொட்டித் தீர்க்கும். இதை 'செவேன் மழை' என்ற பொருளில் தனிப்பெயர் வைத்தே அழைக்கிறார்கள். எகுவால் மலையடியில் உள்ள வல்லெரோக் ஊரில் 1900 செப்டம்பர் இறுதியில் ஒரே நாளில் 950 மில்லிமீட்டர் பெய்ததாகப் பதிவு இருக்கிறது. காலையில் கணுக்கால் நனையாமல் தாண்டிய ஓடை மாலையில் மரங்களை இழுத்துக்கொண்டு வரும். உங்கள் தலைக்குமேல் வெயில் அடித்தாலும் மேலே மலையில் பெய்தால் போதும்.

அதனால் இலையுதிர்காலத்தில் கிளம்பும் முன் இரண்டைப் பாருங்கள்: பிரெஞ்சு வானிலை நிறுவனமான மெத்தியோ பிரான்ஸ் வெளியிடும் எச்சரிக்கை வரைபடம், ஆற்று நீர்மட்டத்துக்கான விஜிக்ரூ இணையதளம். பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று நான்கு நிறம். ஆரஞ்சு என்றால் நான் சைக்கிளைக் காரிலிருந்து இறக்குவதில்லை. பயணச்சீட்டு வாங்கியாயிற்று, விடுமுறை போய்விடும் என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இப்பகுதியில் தரைப்பாலங்கள் நிறைய. நம் ஊர் தரைப்பாலம்போலவே வெள்ளம் வந்தால் மேலே தண்ணீர் ஓடட்டும் என்று கட்டியவை. அதன்மேல் கலங்கல் தண்ணீர் ஓடினால், ஆழம் ஒரு சாண்தான் என்று தோன்றினாலும், போகக் கூடாது. சைக்கிள் சக்கரத்துக்கு அந்த இழுப்பைத் தாங்கும் எடை கிடையாது. பாலமே இல்லாத துறையில் அடி தெரிந்தால்தான் இறங்க வேண்டும். முழங்காலுக்கு மேல் வந்தால் திரும்பிவிடுங்கள். பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, சைக்கிளை உங்களுக்குக் கீழ்நீர்ப் பக்கம் பிடித்து நடங்கள். மேல்நீர்ப் பக்கம் பிடித்தால் ஆறு அதை உங்கள்மேலேயே தள்ளும். கரையேறியதும் பிரேக்கை இரண்டு மூன்று தடவை அழுத்தி ஈரத்தை உலர்த்திய பிறகே இறக்கத்தில் விடுங்கள்.

வடக்கே த்ருயேர் போன்ற அணைகள் உள்ள ஆறுகளுக்குப் போனால் இன்னொரு அபாயம் உண்டு. மழையே இல்லாத நாளிலும் மின்சாரத்துக்காகத் திறக்கும் தண்ணீர் சட்டென்று ஏறும். கரையில் அதற்கான எச்சரிக்கைப் பலகை இருக்கும். அந்த ஆற்றுப்படுகையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

இவ்வளவு தண்ணீரைப் பற்றிப் பேசிவிட்டு, மேலே பீடபூமியில் தண்ணீரே கிடையாது என்றால் வியப்பாக இருக்கும். சுண்ணாம்புக்கல் பெய்த மழையை எல்லாம் உறிஞ்சி நிலத்தடிக் குகைகளுக்கு அனுப்பிவிடுகிறது. கோஸ் மெஜானில் கோடைநாளில் ஓடை ஒன்றைத் தேடி அலைய வேண்டாம். வட்டமாகக் கல்பாவிய சிறு குளங்கள் தென்படும். அவை செம்மறிகளுக்கானவை, குடிக்க ஏற்றவை அல்ல. கோடையில் மூன்று லிட்டர் சுமந்து ஏறுங்கள். கிராமத்துக் கல்லறைத் தோட்டங்களில் குழாய் இருப்பது வழக்கம். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் மட்டும் குடிக்காதீர்கள். கடைகள் பன்னிரண்டு மணிக்கு மூடி, மதியத்துக்குப் பிறகுதான் திறக்கும். ஞாயிறு மாலையும் திங்களும் பல ஊர்களில் ரொட்டிகூடக் கிடைக்காது.

பாதையும் அதன் சொந்தக்காரர்களும்

மரத்தில் வெள்ளை-சிவப்புக் கோடு தெரிந்தால் அது நெடுந்தூர நடைப்பாதை. அது எங்கும் சைக்கிளுக்கு ஏற்றது என்று பொருள் இல்லை. பல இடங்களில் படிக்கட்டாகவே இறங்கும். மலை சைக்கிள் பாதைக்கு முக்கோணமும் அதோடு சக்கரம்போல் இரண்டு வட்டமும் அடையாளம். பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று கடினம் கூடிக்கொண்டே போகும். இணையத்தில் யாரோ ஏற்றிய ஜிபிஎஸ் தடத்தை அப்படியே நம்பாதீர்கள். அவர் வேலி தாண்டிப் போனாரா, தூக்கிக்கொண்டு நடந்தாரா என்பது அந்தக் கோட்டில் தெரியாது.

வரைபடத்தில் முகட்டின்மேல் நேர்கோடாக ஓடும் சில பாதைகள் ஆசை காட்டும். அவை ஆட்டுமந்தைகள் கோடையில் மலையேறப் பல நூற்றாண்டுகளாக நடந்த தடங்கள், 'த்ராய்' என்பார்கள். ஆடு வளைந்து வளைந்து போகாது. செங்குத்தான ஏற்றம், உருளும் கல். இறங்க அருமை, ஏற வேண்டாம். இந்த மேய்ச்சல் வாழ்வுக்காகத்தான் 2011இல் யுனெஸ்கோ இந்த நிலத்தைப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதை மறந்துவிட்டு, விளையாட்டு மைதானத்துக்கு வந்ததுபோல் நடப்பவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். வேலிக்கதவைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். மந்தையை நடுவே பிளந்து ஓட்டாதீர்கள், சுற்றிப் போங்கள். பத்தூ என்ற பெரிய வெள்ளைக் காவல்நாய் குரைத்துக்கொண்டு வந்தால் வேகமெடுத்துத் தப்ப நினைப்பது பெரும் தவறு. ஓடுவதைத்தான் அது துரத்தும். இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்து, அமைதியான குரலில் பேசியபடி மந்தையை விட்டு விலகி நடங்கள். நீங்கள் ஆட்டுக்கு ஆபத்தில்லை என்று தெரிந்தால் அது திரும்பிவிடும்.

செப்டம்பரிலிருந்து பிப்ரவரி இறுதிவரை பெரும்பாலும் வேட்டைக்காலம். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை கண்டால் வேட்டை நடக்கிறது என்று பொருள். ஆரஞ்சு மேலாடை போட்டுக்கொள்ளுங்கள், வேறு பாதை இருந்தால் அதில் போங்கள்.

ஆழமான பள்ளத்தாக்கில் கைபேசிக்குச் சிக்னல் கிடைக்காத இடங்கள் உண்டு. உதவிக்கு 112. ஆனால் அழைக்கவே மேட்டுக்கு ஏற வேண்டியிருக்கலாம். ஆகவே தனியாகப் போகிறவர்கள் தங்கும் வீட்டு அம்மாவிடமோ ஐயாவிடமோ ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்: எந்தப் பாதை, எந்த ஊர் வழியாக, எத்தனை மணிக்குத் திரும்புவோம். கடைசி வரியில் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்தே எழுதுங்கள்.