மதுரையில இருந்துகிட்டே இங்கிலாந்து க்யூடிஎஸ் வாங்குறது எப்படி: கணக்கு, சயின்ஸ் டீச்சர்களுக்கு

க்யூடிஎஸ்னா இங்கிலாந்து ஸ்கூல்ல பாடம் எடுக்கத் தகுதி பெற்ற டீச்சர்ங்கிற அங்கீகாரம். முதல்லயே ஒண்ணு சொல்லிடுறேன், இதுக்கு அப்ளை பண்ண ஃபீஸ் ஒரு ரூபா கூட கிடையாது. இங்கிலாந்து அரசாங்கத்தோட வெப்சைட்ல நேரடியா நாமளே போடலாம். இதை வச்சு கன்சல்டன்சிகாரங்க பெரிய தொகை வாங்கிட்டு இருக்காங்க, அதுக்காக நகையை அடகு வச்ச டீச்சர்களை எனக்குத் தெரியும், அதனாலதான் இந்தப் பதிவே. நான் திருமங்கலம் பக்கம் ஒரு மெட்ரிக் ஸ்கூல்ல கணக்கு டீச்சர். எல்லா பேப்பரும் நானே அலைஞ்சு வாங்கி, நானே அப்லோடு பண்ணி, க்யூடிஎஸ் கைக்கு வந்துருச்சு.

அப்ளிகேஷன் ஃபார்ம் கஷ்டமே இல்ல. கஷ்டம் வேற இடத்துல இருக்கு. அங்க டீச்சர்னா ஒரு பதிவு இருக்கும், ஒரு நம்பர் இருக்கும், பெரிய தப்பு பண்ணா பாடம் எடுக்கவே தடை போட்டுருவாங்க. நம்ம ஊர்ல அப்படி ஒரு லைசென்ஸே கிடையாது. என்சிடிஇ, அதாவது ஆசிரியர் கல்விக்கான தேசிய கவுன்சில், பிஎட் காலேஜுக்கும் கோர்ஸுக்கும்தான் அங்கீகாரம் குடுக்குது, தனித்தனி டீச்சருக்கு இல்ல. டெட் பாஸ் பண்ண சர்டிபிகேட்டை லைசென்ஸ்னு நினைச்சு நிறைய பேர் நீட்டுறாங்க. அது ஒண்ணுல இருந்து எட்டு வரைக்கும் க்ளாஸ் எடுக்க வேலைக்கு எடுக்குறதுக்கான தகுதித் தேர்வு, அவ்வளவுதான். இல்லாத லைசென்ஸுக்குப் பதிலா என்னென்ன பேப்பர் காட்டணுங்கிறதுதான் இந்த மொத்த வேலையும், இதை மனசுல வச்சுக்கிட்டு படிச்சீங்கன்னா ஒவ்வொரு ஸ்டெப்பும் ஏன்னு புரியும்.

ஸ்டெப் 1: நமக்கு இது பொருந்துமான்னு பாக்குறது

2023 பிப்ரவரி 1ல இருந்துதான் இந்தியா டீச்சர்கள் இந்த வழியில அப்ளை பண்ண முடியுது. நைஜீரியா, கானா, ஜமைக்கா, சிங்கப்பூர், ஹாங்காங், தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே எல்லாம் அப்பதான் சேர்த்தாங்க. ஆனா நமக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு: 11 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு கணக்கு, சயின்ஸ், இல்லேன்னா வேற்று நாட்டு மொழி எடுக்கத் தகுதி இருக்கணும். மொழின்னா பிரெஞ்சு, ஜெர்மன் மாதிரி. இங்கிலீஷ் டீச்சர், சோஷியல் டீச்சர், கேஜி டீச்சர் எல்லாருக்கும் இந்தக் கதவு இப்போதைக்கு இல்ல, மனசு கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா தெரிஞ்சுக்கிட்டு காசை மிச்சம் பண்ணுங்க.

டிகிரி, பிஎட், அதுக்கப்புறம் குறைஞ்சது ஒரு கல்வியாண்டு, அதாவது 9 மாசம், ஸ்கூல்ல வேலை பார்த்த அனுபவம். ட்யூஷன் சென்டர் கணக்குல வராது. வெப்சைட்ல ஆரம்பத்துலயே தகுதி பார்க்குற கேள்விகள் வரும், அதுல உண்மையா பதில் சொல்லிப் பாருங்க.

இன்னொண்ணு, க்யூடிஎஸ் இங்கிலாந்துக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூணுக்கும் தனித்தனி கவுன்சில், தனித்தனி பதிவு. "யூகே முழுக்க செல்லும்"னு எவனாவது சொன்னா அவன்கிட்ட மேல பேசவே வேணாம்.

ஸ்டெப் 2: மார்க்‌ஷீட், ட்ரான்ஸ்கிரிப்ட்

டிகிரி சர்டிபிகேட் பல்கலைக்கழகம் குடுக்கும், மார்க் விவரம், அதாவது எல்லா மார்க்கும் சேர்ந்த ட்ரான்ஸ்கிரிப்ட், யார் குடுப்பாங்கங்கிறதுலதான் குழப்பம். அமெரிக்கன் காலேஜ், தியாகராஜர், லேடி டோக் மாதிரி தன்னாட்சி காலேஜ்ல படிச்சிருந்தா டிகிரி காமராஜர் யுனிவர்சிட்டி பேர்ல இருக்கும், ஆனா மார்க்‌ஷீட், ட்ரான்ஸ்கிரிப்ட் காலேஜோட தேர்வுக் கட்டுப்பாட்டாளர் (கன்ட்ரோலர்) ஆபீஸ்ல வாங்கணும். சாதா அஃபிலியேட்டட் காலேஜ்னா நாகமலை புதுக்கோட்டை தாண்டி பல்கலை நகருக்கே போகணும்.

பிஎட்டுக்கு, நீங்க எந்த வருஷம் முடிச்சீங்கன்னு பாருங்க. தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் 2008ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி முடிச்ச மதுரைப் பக்க ஆளுங்களுக்கு காமராஜர் யுனிவர்சிட்டி, அதுக்கப்புறம் முடிச்சவங்களுக்கு சென்னை காரப்பாக்கத்துல இருக்குற அந்தப் பல்கலைக்கழகம். காலேஜ் மதுரையிலதானே இருக்குன்னு இங்கயே சுத்திக்கிட்டு இருக்காதீங்க. பிஎட் 2015ல இருந்துதான் ரெண்டு வருஷம் ஆச்சு, அதுக்கு முந்தி ஒரு வருஷம். தேதி எழுதும்போது சர்டிபிகேட்ல இருக்குறபடியே எழுதுங்க.

ஸ்கேன் பண்றதுக்கு நான் அடோபி ஸ்கேன்தான் சொல்லுவேன், வாட்டர்மார்க் வராது, ஓரம் நேரா வெட்டும். அதை விட நல்லது ஜெராக்ஸ் கடையில கண்ணாடி ஸ்கேனர்ல கலர்ல எடுத்து பென்டிரைவ்ல வாங்குறது. சர்டிபிகேட் பின்பக்கம் ஏதாவது அச்சடிச்சிருந்தா அதையும் எடுங்க. பிடிஎஃப் ஒண்ணு சேர்க்க ஊர் பேர் தெரியாத வெப்சைட்ல சர்டிபிகேட்டை ஏத்தாதீங்க, கம்ப்யூட்டர்லயே இன்ஸ்டால் பண்ற சாஃப்ட்வேர் போதும்.

அப்போஸ்டில் (சர்டிபிகேட் உண்மைன்னு வெளிநாட்டுக்காக அரசாங்கம் போடுற முத்திரை), அட்டஸ்டேஷன் எதுவும் இந்த அப்ளிகேஷனுக்கு வேணாம், ஸ்கேன் காப்பி ஏத்தினா போதும். துபாய், அபுதாபி போறவங்க சொல்றது வேற கதை, எமிரேட்ஸ் அப்போஸ்டில் ஒப்பந்தத்துல இல்லாததால அவங்களுக்கு தூதரக அட்டஸ்டேஷன் வேணும். அதைக் கேட்டுட்டு வந்து நீங்க காசு கட்டாதீங்க.

ஸ்டெப் 3: பேரு. இங்கதான் நம்ம ஆளுங்க எல்லாரும் மாட்டுறாங்க

நம்மகிட்ட இனிஷியல்தான் இருக்கு, சர்நேம் இல்ல. இது நமக்கு இயல்பு, ஆனா அங்க உக்காந்து பேப்பர் பார்க்குறவருக்கு இது நாலு வேற வேற ஆளு. உதாரணத்துக்கு சோலைமலை மகள் பாண்டிச்செல்வின்னு வச்சுக்குவோம். டிகிரியில "பாண்டிச்செல்வி எஸ்". பிஎட்ல "எஸ். பாண்டிச்செல்வி". பாஸ்போர்ட்ல இனிஷியலை விரிச்சு எழுதணுங்கிறதால கிவன் நேம் பாண்டிச்செல்வி, சர்நேம் சோலைமலை. கல்யாணத்துக்கு அப்புறம் ஸ்கூல்ல வீட்டுக்காரர் கருப்பையா பேர்ல இருந்து இனிஷியல் மாத்தி, எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல "கே. பாண்டிச்செல்வி". எஸ்ஸுங்கிறது சோலைமலைன்னு நமக்குத் தெரியும், அவங்களுக்கு எப்படித் தெரியும்?

நான் பண்ணது இதுதான், என்னை மாதிரி சிக்கிக்கிட்ட ரெண்டு மூணு டீச்சர்களுக்கும் இதேதான் சொன்னேன், வேலை நடந்துச்சு. ஃபார்ம்ல பேர் எழுதும்போது பாஸ்போர்ட்ல இருக்குறதை ஒரு எழுத்து மாறாம எழுதுங்க. உங்க பேர் வேற பேப்பர்ல வேற மாதிரி இருக்கான்னு ஒரு கேள்வி வரும், தயங்காம ஆமான்னு போடுங்க, போட்டாத்தான் ஆதாரம் ஏத்துற இடம் திறக்கும். "இனிஷியல்தானே, பேர் ஒண்ணுதானே"ன்னு இல்லைன்னு போட்டுட்டா பிறகு அவங்க மெயில்ல கேட்டு, நாம பதில் போட்டுன்னு சும்மா இழுத்துக்கிட்டே போகும்.

ஆதாரத்துக்கு ஒரு நோட்டரி அஃபிடவிட். கோர்ட் பக்கம் வக்கீல் யார்கிட்டயாவது போனா "ஒன் அண்ட் த சேம் பெர்சன்" அஃபிடவிட்னு கேளுங்க, அவங்களுக்குப் புரியும். ஆனா அவங்க கம்ப்யூட்டர்ல வச்சிருக்குற ரெடிமேடு வாசகத்தை அப்படியே வாங்கிட்டு வராதீங்க. எந்த சர்டிபிகேட்ல, எந்த நம்பர்ல, பேரு எப்படி இருக்குன்னு ஒவ்வொண்ணா வரிசையா எழுதி, எஸ்ங்கிறது அப்பா பேரு சோலைமலை, தமிழ்நாட்டுல அப்பா பேரோட முதல் எழுத்தை இனிஷியலா போடுறது வழக்கம்னு ஒரு வரி கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்க. இங்கிலீஷ்லயே அடிக்கச் சொல்லுங்க. கூடவே பாஸ்போர்ட்டோட கடைசிப் பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி வைங்க, அதுல அப்பா, அம்மா, கணவர் பேர் எல்லாம் அச்சாகி இருக்கு, இதை விட வலுவான ஆதாரம் நம்மகிட்ட வேற இல்ல. கல்யாணத்தால மாறின இனிஷியல்னா மேரேஜ் சர்டிபிகேட்.

பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கலையா? அப்ப உங்களுக்கு நேரம் இருக்கு. ரேஸ் கோர்ஸ் ரோடு பாஸ்போர்ட் ஆபீஸ் போறதுக்கு முன்னாடியே சர்நேம் இடத்துல என்ன வரப்போகுதுன்னு வீட்டுல உக்காந்து முடிவு பண்ணிட்டுப் போங்க, அந்த ஒரு கட்டம்தான் பின்னாடி விசா, பேங்க், சம்பளம் வரைக்கும் வரும்.

ஸ்டெப் 4: டீச்சர்னு அங்கீகரிக்கிற கடிதம்

அங்க இதை லெட்டர் ஆஃப் ப்ரொஃபஷனல் ஸ்டாண்டிங்னு சொல்லுவாங்க. ஹெச்எம் குடுக்குற நன்னடத்தை சர்டிபிகேட் இல்ல இது. இந்த டீச்சர் தகுதி பெற்றவர், பாடம் எடுக்குற உரிமை எப்பவும் நிறுத்தப்படல, ரத்தாகல, தடை எதுவும் இல்லன்னு அதிகாரம் உள்ளவங்க எழுதிக் கையெழுத்து போடணும். இந்தியாவுக்கு யார் கையெழுத்து செல்லும்னு உங்க அப்ளிகேஷனுக்குள்ளயே விளக்கம் வரும், அதை பிரிண்ட் எடுத்துக்கிட்டு அப்புறம் ஆபீஸுக்குப் போங்க.

நான் போன ஒரு ஆபீஸ்ல இதை வெளிநாடு போற என்ஓசின்னு (ஆட்சேபணை இல்லைன்னு குடுக்குற சான்று) நினைச்சு, "தனியார் ஸ்கூல் டீச்சருக்கு நாங்க ஏன்மா குடுக்கணும், உங்க கரஸ்பாண்டன்ட்கிட்ட வாங்கிக்க"ன்னு திருப்பி அனுப்பினாங்க. அவங்க மேல தப்பு சொல்ல முடியாது, இப்படி ஒரு கடிதம் நம்ம நடைமுறையிலயே இல்ல. அதனால வெறும் கையோட போகாதீங்க. தமிழ்ல ஒரு மனு, அதுல இது என்ஓசி இல்ல, விடுப்பு கேக்கல, என் தகுதியை உறுதி பண்ற கடிதம் மட்டும்தான்னு முதல் பத்தியிலயே எழுதுங்க. வெப்சைட் பிரிண்ட், சர்டிபிகேட் காப்பிகள், ஹெச்எம் பரிந்துரை, எல்லாத்துக்கும் மேல இங்கிலீஷ்ல கடிதத்தோட மாதிரி. செக்‌ஷன்ல இருக்குறவங்களுக்கு அதைத் திருத்தி டைப் பண்றது லேசு. மனு குடுத்ததும் சீல் போட்ட ரசீது வாங்காம வெளிய வராதீங்க.

ஸ்டெப் 5: அனுபவம்

வேலை பார்த்த ஸ்கூல்ல இருந்து ஒருத்தரோட மெயில் ஐடி கேப்பாங்க, அவருக்கு நேரா ஒரு லிங்க் போகும், அவர் அதுல நிரப்பி அனுப்பணும். நம்ம ஸ்கூல்கள்ல பாதி இன்னும் ஜிமெயில்லதான் ஓடுது. ஸ்கூல் பேர்ல டொமைன் மெயில் இருந்தா அதையே குடுங்க, நம்பகத்தன்மை அதுலதான். ஹெச்எம்கிட்ட முன்னாடியே சொல்லி வைங்க, ஸ்பேம் ஃபோல்டரையும் பார்க்கச் சொல்லுங்க. எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர்ல எந்தப் பாடம், 6ல இருந்து 10 வரைக்கும் எந்தெந்த க்ளாஸ், எந்தத் தேதியில இருந்து எந்தத் தேதி வரைக்கும்னு தெளிவா வரணும். தமிழ்ல இருந்தா சான்றளிச்ச மொழிபெயர்ப்பு சேர்க்கணும்.

ஸ்டெப் 6: இங்கிலீஷ்

டிகிரியோ பிஎட்டோ முழுக்க இங்கிலீஷ் மீடியத்துல படிச்சிருந்தா யுனிவர்சிட்டியில மீடியம் ஆஃப் இன்ஸ்ட்ரக்‌ஷன் லெட்டர் வாங்குங்க. அது முடியலைன்னா பி2 லெவல் (ஓரளவு சரளமா பேசி எழுதுற அளவு) இங்கிலீஷ் டெஸ்ட். ஐஇஎல்டிஎஸ்னா சாதா அகாடமிக் இல்ல, யூகேவிஐன்னு (பிரிட்டன் விசா துறை ஏத்துக்கிற வகை) போட்டது, எழுத, படிக்க, பேச, கேக்க நாலுலயும் 5.5.

அவ்வளவுதான், சப்மிட்.

பிறகு வந்த கேள்விகள்

உசிலம்பட்டியில இருந்து ஒரு தங்கச்சி, பிஎட் தமிழ் மீடியம்க்கா, பிஎஸ்சி மேத்ஸ் இங்கிலீஷ் மீடியம், என்ன பண்றதுன்னு கேட்டா. டிகிரிக்கான மீடியம் லெட்டர் போதும்மா, ரெண்டும் வேணும்னு இல்ல.

வெளிநாட்டுல இருந்துகிட்டே படிக்கிற பிஜிசிஇஐங்கிற டீச்சர் கோர்ஸ் படிச்சா க்யூடிஎஸ் வருமான்னு நாலஞ்சு பேர் கேட்டாங்க. வராது. அது படிப்பு மட்டும்தான். ஐக்யூடிஎஸ்ங்கிறது வேற, அது வெளிநாட்டுல இருந்துகிட்டே க்யூடிஎஸ் வாங்குற டீச்சர் பயிற்சி, அங்கீகாரம் உள்ள இங்கிலாந்து ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் நடத்துறது, அதுக்கு ஃபீஸ் உண்டு. இங்கிலீஷ், சோஷியல் டீச்சர்கள் அதைப் பாருங்க.

க்யூடிஎஸ் வந்துட்டா விசா வந்த மாதிரியான்னு ஒரு அண்ணன் கேட்டார். இல்லண்ணே. வேலை தனியா தேடணும், உங்களை எடுக்குற ஸ்கூலுக்கு ஸ்பான்சர் லைசென்ஸ் (வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க அரசாங்கம் குடுக்குற அனுமதி) இருக்கணும், லைசென்ஸ் உள்ளவங்க பட்டியல் அரசாங்க வெப்சைட்லயே இருக்கு. வேலை தர்றோம்னு பேர் சொன்ன ஸ்கூலை அதுல தேடிப் பாருங்க, பேரே இல்லைன்னா அத்தோட விட்டுருங்க. விசாவுக்கு போலீஸ் க்ளியரன்ஸ், டிபி டெஸ்ட் ரெண்டும் வேணும். க்ளியரன்ஸ் பாஸ்போர்ட் சேவாவுல 500 ரூபாய்க்கு எடுக்கலாம், டிபி டெஸ்ட் அவங்க அங்கீகரிச்ச க்ளினிக்லதான் எடுக்கணும். டிபி சர்டிபிகேட் 6 மாசம்தான் செல்லும், அதனால வேலை உறுதியாகாம அதை எடுக்காதீங்க.