கல்லூரிச் சிலம்பக் குழுவுக்கு இலக்கு வகுப்பது எப்படி?

பெங்களூருப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் சிலம்பக் குழு தொடங்க விரும்பும் தமிழ் மாணவர்கள், கம்பு வாங்குவதற்கு முன் குழுவின் நோக்கத்தை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். 1882இல் ஜப்பானில் ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோ ஓர் ஆசிரியர். எதிராளியை வீழ்த்துவதோடு உடலையும் பண்பையும் வளர்ப்பதே பயிற்சியின் பயன் என்று அவர் கருதியது கல்விக்கூடத்திற்கு மிகவும் பொருந்தும்.

நோக்கம் மாறாதது, இலக்கோ ஒவ்வொரு செமஸ்டருக்கும் அளந்து பார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும். "தன்னம்பிக்கை வளர்ப்போம்" என்று மட்டும் எழுதினால் யாராலும் சரிபார்க்க இயலாது. மாறாக, முதல் செமஸ்டர் முடிவில் ஒவ்வொருவரும் காலடி தவறாமல், பார்வை தாழாமல், இரு பக்கமும் கம்பைச் சுழற்ற வேண்டும் என்று எழுதுங்கள். புதியவர்கள் கம்பை இறுக்கிப் பிடிப்பதால் மணிக்கட்டு விறைத்து, சுழற்சி பாதியிலேயே நின்றுவிடும். பிடி தளர்ந்ததும் காற்றைக் கிழிக்கும் ஓசை சீராக எழும். அந்த ஓசையே நம்பத்தக்க அளவுகோல் என்பது என் கருத்து.

பாதுகாப்பை முதல் இலக்காக வையுங்கள். சுழலும் கம்பு எட்டாத இடைவெளி, முதலுதவிப் பெட்டி, ஆசான் இல்லாமல் மோதல் பயிற்சி கூடாது என்ற விதி ஆகிய மூன்றும் எழுத்தில் இருந்தால் உடற்கல்வித் துறையின் அனுமதி பெறுவதும் எளிதாகும். கன்னடம், இந்தி பேசும் மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடிமுறைகளின் தமிழ்ப் பெயர்களை மாற்றாமல், பொருளை மட்டும் அவர்கள் மொழியில் விளக்கினால் போதும்.