விதிகளை ஆராயும் நாடாளுமன்றக் குழுவுக்கு மனு எழுதுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கு அருகிலுள்ள ஒரு படிப்பகத்தில் மாலை நேரங்களில் மனு எழுதிக் கொடுத்து வருகிறேன். விசைப்படகுக்காரர்கள், மீன் விற்கும் பெண்கள், ஆட்டோ ஓட்டுநர்கள் எனப் பலரும் வருகிறார்கள். "சட்டம் சரியில்லை" என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஆனால் தாளை வாங்கிப் பார்த்தால் அது பெரும்பாலும் சட்டமாக இருக்காது, சட்டத்தின்கீழ் ஒரு துறை வெளியிட்ட விதியாகவோ அறிவிக்கையாகவோ இருக்கும். இத்தகைய துணைநிலைச் சட்டங்களைச் சரிபார்ப்பதற்கென்றே மக்களவையில் 1953 முதலும் மாநிலங்களவையில் 1964 முதலும் குழுக்கள் இயங்கி வருகின்றன. ஒவ்வொன்றிலும் 15 உறுப்பினர்கள். தன் துறை எழுதிய விதியை அமைச்சரே திருத்திப் பார்க்கும் நிலை வரக்கூடாது என்பதால் மக்களவைக் குழுவில் அமைச்சர் யாரும் இடம்பெற முடியாது. இந்தக் குழுக்களுக்கு எழுதும்போது நானும் எங்கள் பகுதியினரும் திரும்பத் திரும்பச் செய்த தவறுகளைப் பற்றியதே இக்கட்டுரை.

முதல் தவறு, சட்டப் புத்தகத்தை மட்டும் படித்துவிட்டு எழுதுவது. 1986ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தில் இயற்றப்பட்டபோது மொத்தமே 26 பிரிவுகள்தான் இருந்தன. அவற்றை எத்தனை முறை புரட்டினாலும் எண்ணூர் முகத்துவாரத்தின் கரையில் எது கட்டலாம், எது கூடாது என்பதற்கு விடை கிடைக்காது. அந்த விடை 1991, 2011, 2019 ஆகிய ஆண்டுகளில் அச்சட்டத்தின்கீழ் வெளியான கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கைகளில் இருக்கிறது. அலை ஏறி இறங்கும் ஆறு, உப்பங்கழி ஆகியவற்றின் ஓரமாக 100 மீட்டர் அல்லது அந்த நீர்நிலையின் அகலம், இவற்றில் எது குறைவோ அது வரை கட்டுப்பாடு உண்டு என்று 2011 அறிவிக்கை கூறியது. 2019 அறிவிக்கை அந்த 100 மீட்டரை 50 ஆக்கியது. எண்ணூரில் கடலில் கலக்கும் கொசஸ்தலை ஆற்றின் கரையில் குடியிருப்பவருக்கு இதைவிடப் பெரிய மாற்றம் இருக்க முடியாது, ஆயினும் இதற்காக நாடாளுமன்றத்தில் எந்த மசோதாவும் கொண்டுவரப்படவில்லை, வாக்கெடுப்பும் நடக்கவில்லை, 1986ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இப்படிப்பட்ட இடங்களில் கண் வைப்பதற்காக ஏற்பட்டதுதான் இந்தக் குழு. ஆகவே மனுவில் சட்டத்தின் பெயரை மட்டும் குறிப்பிட்டால் போதாது. அரசிதழ் அறிவிக்கையின் எண்ணையும் நாளையும் எழுத வேண்டும். 2011 அறிவிக்கை எஸ்.ஓ. 19(இ), ஜனவரி 6. 2019 அறிவிக்கை ஜி.எஸ்.ஆர். 37(இ), ஜனவரி 18. திருத்த அறிவிக்கையாக இருந்தால் கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். மூல அறிவிக்கை எந்த எண்ணில் வந்தது, அதன்பின் எப்போதெல்லாம் திருத்தப்பட்டது என்ற வரலாறு முழுவதும் அதில் இருப்பதால், எங்கள் படிப்பகத்தில் அரசிதழ் நகல் கைக்கு வந்தால் நான் முதலில் கடைசிப் பக்கத்தைத்தான் திருப்புகிறேன்.

அடுத்தது, எந்த அவையின் அதிகாரத்தில் பிறந்த விதி என்று பார்க்காமல் அஞ்சலில் சேர்த்துவிடுவது. இதில் நானே சறுக்கியிருக்கிறேன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பது காசிமேட்டில் குழந்தைக்கும் தெரியும். அதன் தொடர்பாக ஒரு முதியவர் கேட்டுக்கொண்டபடி டெல்லிக்கு நீண்ட மனு ஒன்றை எழுதினேன். கரையிலிருந்து 12 கடல்மைல் வரையிலான தடை, தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983 என்ற மாநிலச் சட்டத்தின்கீழ் வருவது. அதற்கு அப்பால் உள்ள கடற்பரப்புக்குத்தான் ஒன்றிய அரசின் மீன்வளத் துறை தனியே ஆணை பிறப்பிக்கிறது. மாநில விதியை நாடாளுமன்றக் குழு தொடாது. அதைப் பார்க்க நம் சட்டமன்றப் பேரவையிலேயே ஒரு குழு இருக்கிறது. "இன்னா தம்பி, கடல் ஒண்ணு, ஆபீஸ் மட்டும் ரெண்டா?" என்று அந்தப் பெரியவர் கேட்டார். ஆம், இரண்டுதான். மனுவில் முதலில் எழுத வேண்டிய வரியே மூலச் சட்டத்தை இயற்றியது நாடாளுமன்றமா, சட்டமன்றமா என்பதுதான்.

எல்லாவற்றிலும் கனமான தவறு, கொள்கை நல்லதா கெட்டதா என்று குழுவிடம் வாதாடுவது. தடையால் வயிறு காய்கிறது, கட்டணம் தாங்க முடியவில்லை, துறை எங்களைக் கலந்து பேசவில்லை என்பன போன்ற குறைகள் உண்மையாகவே இருந்தாலும் அவற்றுக்குரிய இடம் வேறு. அமைச்சகம், தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர், அவையின் மனுக்கள் குழு ஆகியவை அவற்றைக் கேட்கலாம். துணைநிலைச் சட்டக் குழு கேட்கும் கேள்வி ஒன்றே: நாடாளுமன்றம் கொடுத்த அதிகாரத்தின் எல்லைக்குள் இந்த விதி நிற்கிறதா? இதை அறிய மக்களவை நடைமுறை விதிகள் சில உரைகற்களைத் தருகின்றன. மூலச் சட்டத்தின் நோக்கத்தோடு விதி ஒத்துப்போகிறதா, சட்டமாகவே இயற்ற வேண்டிய பொருளை விதிக்குள் நுழைத்திருக்கிறார்களா, வரி விதிக்கிறதா, நீதிமன்றத்தின் கதவை அடைக்கிறதா, மூலச் சட்டம் வெளிப்படையாக அனுமதிக்காதபோதும் முன்தேதியிட்டு நடைமுறைக்கு வருகிறதா, அரசின் வருவாய் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து செலவு செய்ய வைக்கிறதா, அதிகாரத்தை யாரும் எதிர்பாராத வகையில் பயன்படுத்துகிறதா, வெளியிடுவதிலோ அவைமுன் வைப்பதிலோ காரணமின்றிக் காலம் கடத்தப்பட்டதா, வாசகம் விளக்கம் கேட்கும்படி இருக்கிறதா. உங்கள் குறை இவற்றுள் ஒன்றிலாவது பொருந்தவில்லை என்றால் குழுவிடம் அதற்குத் தீர்வு இல்லை.

சென்னை ஆட்டோ ஓட்டுநர்களுக்குப் பழக்கமான ஓர் எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். 2016 டிசம்பர் இறுதியில் ஒன்றிய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டபோது, வாகனத்தின் தகுதிச் சான்றின் (எஃப்.சி.) காலம் முடிந்த பின் புதுப்பிக்கத் தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று சேர்த்தார்கள். எஃப்.சி. எடுக்க ஒரு மாதம் தள்ளிப்போனால் 1,500 ரூபாய். ஆட்டோ ஓட்டுநர் சங்கம் வழக்குத் தொடுத்தது. தாமதத்துக்கான அந்தக் கூடுதல் கட்டணத்தை விதிக்க மூலச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் அதனை நீக்கியது. "ஏழை ஓட்டுநரால் கட்ட முடியாது" என்ற வாதம் மனத்தைத் தொடும், ஆனால் விதியை வீழ்த்தியது "இப்படி வசூலிக்க உங்களுக்கு அதிகாரம் எங்கே இருக்கிறது?" என்ற கேள்வி. குழுவிடமும் இதே கேள்வியைத்தான் வைக்க வேண்டும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: நீதிமன்றம் விதியை ரத்துசெய்யும், குழுவுக்கு அந்த அதிகாரம் கிடையாது. ரத்துசெய்யலாம், திருத்தலாம் என்ற தன் கருத்தைக் காரணங்களோடு அவைக்கு அறிக்கையாகத் தருவதோடு அதன் வேலை முடிகிறது. குழுவுக்கு எழுதியாயிற்று என்று வழக்குத் தொடுக்காமல் இருந்துவிடுவதும் இந்த வேறுபாட்டை மறப்பதால் வரும் தவறே.

30 நாள் கணக்கிலும் பலர் குழம்புகிறார்கள். விதிகளை ஒவ்வோர் அவையின் முன்பும் மொத்தம் 30 நாள் வைக்க வேண்டும் என்று பெரும்பாலான சட்டங்கள் சொல்வதைப் படித்துவிட்டு, அந்த 30 நாளும் விதி நடைமுறைக்கு வராது என நினைக்கிறார்கள். வேறு தேதி குறிப்பிடாவிட்டால் அரசிதழில் வெளியான நாளிலிருந்தே அது செல்லும். நாள்காட்டியில் 30 நாளை எண்ணுவதும் தவறு, ஏனெனில் கணக்கில் வருவது அவை கூட்டத்தொடரில் இருக்கும் காலம். அது ஒரே தொடரிலும் நிறைவடையலாம், அடுத்தடுத்த தொடர்களிலும் நிறைவடையலாம். அதற்கு அடுத்த தொடர் முடிவதற்குள் இரு அவைகளும் ஒப்புக்கொண்டால்தான் விதி மாறும் அல்லது நீங்கும். அப்போதும்கூட, அதுவரை அந்த விதியின்கீழ் நடந்தவை செல்லாமல் போகா. கட்டிய அபராதம் தானாகத் திரும்பி வராது என்பதை மனுதாரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. விதியை அவைமுன் வைக்கத் தவறினாலே அது செல்லாது என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. வெறுமனே வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லும் பிரிவை மீறியதால் ஆணை செல்லாததாகிவிடாது என்று அட்லஸ் சைக்கிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் எப்போதோ தீர்ப்பளித்துவிட்டது. ஆனாலும் அந்தத் தாமதம் வீண்போவதில்லை. முன்சொன்ன உரைகற்களுள் அதுவும் ஒன்று என்பதால் நீதிமன்றத்தில் எடுபடாத அந்த வாதம் குழுவிடம் எடுபடும்.

வரைவு நிலையில் சும்மா இருந்துவிட்டு இறுதி அறிவிக்கை வந்தபின் ஓடுவது எங்கள் பகுதிக்கே உரிய பழக்கமோ என்று சில நேரம் தோன்றும். 1986 சுற்றுச்சூழல் விதிகளின் 5ஆம் விதிப்படி, கட்டுப்பாடு விதிக்கும் எண்ணத்தை முதலில் அறிவித்து 60 நாள் ஆட்சேபம் கேட்க வேண்டும். அந்த நாள்களில் அனுப்பிய கடிதத்தின் ஒப்புகை அட்டை, பின்னால் குழுவுக்கு எழுதும் மனுவில் இணைக்கத்தக்க மிக வலுவான தாள். அதே விதியின் (4)ஆம் உள்விதி, பொதுநலன் கருதி இந்த அறிவிப்பையே விட்டுவிட அரசை அனுமதிக்கிறது. இறுதி அறிவிக்கையின் முகப்புரையில் அந்த உள்விதி மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அந்த வரியை அடிக்கோடிட்டு, ஆட்சேபம் கேட்காமல் விட என்ன பொதுநலக் காரணம் இருந்தது என்று கேளுங்கள்.

அறிக்கை வெளியானதும் அதோடு நின்றுவிடுவது இன்னொரு தவறு. குழுவின் பரிந்துரைக்கு அமைச்சகம் பதில் அனுப்பும். அந்தப் பதில்களை வகைப்படுத்தி மேல்நடவடிக்கை அறிக்கை ஒன்று தனியே வரும். அரசு ஏற்றுக்கொண்டவை, அரசின் பதிலைப் பார்த்துக் குழு மேலும் வலியுறுத்த விரும்பாதவை, பதிலைக் குழு ஏற்க மறுத்தவை, இறுதிப் பதில் இன்னும் வராதவை என்று அதில் அத்தியாயங்கள் இருக்கும். உங்கள் விதி, குழு மேலும் வலியுறுத்த விரும்பாதவற்றின் அத்தியாயத்தில் இருந்தால் குழுவின் பாதை அநேகமாக அடைபட்டுவிட்டது, வழக்கறிஞரைப் பாருங்கள். பதிலைக் குழு ஏற்க மறுத்தவற்றின் அத்தியாயத்தில் இருந்தால், அந்தப் பக்கத்தை நகலெடுத்துத் தொகுதி உறுப்பினரிடம் கொடுத்து, அவையில் கேள்வியாக எழுப்பச் சொல்லுங்கள்.