உள்நாட்டில் செய்த சட்டி பானைகளைப் பார்த்து வாங்குவது எப்படி

புது வீட்டில் பால் காய்ச்ச ஒரு பாத்திரம் வாங்கலாம் என்று கடைக்குச் செல்பவர்கள், பெரும்பாலும் பத்து உருப்படிகள் அடங்கிய பெட்டியோடு திரும்பி வருகிறார்கள். அந்தப் பத்தில் நாள்தோறும் அடுப்பேறுவது இரண்டோ மூன்றோதான். மற்றவை அலமாரியின் அடித்தட்டில் கிடக்கும். ஆகவே பெட்டியாக வாங்க வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பினாங்கில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு, பொரிக்கவும் வதக்கவும் ஓர் இரும்புக் குவாலி (கடாய்), அடி கனத்த ஒரு குழம்புப் பாத்திரம், மீன் கறிக்கு ஒரு மண்சட்டி ஆகிய மூன்றும் நன்றாக அமைந்துவிட்டால், மற்றவற்றைத் தேவை வரும்போது ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றையும் கையில் தூக்கி, தட்டி, கவிழ்த்துப் பார்த்து வாங்கினால், இந்நாட்டிலேயே செய்யப்பட்ட நல்ல பொருள் கிடைக்கும் என்பது என் அனுபவம்.

உள்நாட்டுப் பொருள் என்று எதைச் சொல்வது என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு முன், மலேசியப் பெயரும் மலேசிய முகவரியும் அச்சிட்ட பெட்டியில் ஒரு சட்டி வாங்கினேன். ஏழாம் மாதம் கைப்பிடி கழன்றது. முகவரியைத் தேடிப் போனபோது அது வெறும் கிடங்கு. அந்தக் கைப்பிடிக்கு எந்த அளவு திருகாணி பொருந்தும் என்று சொல்லக்கூட அங்கு ஆளில்லை. அதற்குப் பிறகுதான் பெட்டியில் உள்ள மலாய்ச் சொற்களை ஊன்றிப் படிக்கத் தொடங்கினேன். ‘டிகிலாங்கான் ஓலே’ என்று இருந்தால் அந்த நிறுவனமே தயாரித்தது. ‘டியெடார்கான் ஓலே’ என்றால் விநியோகம் மட்டும் செய்கிறது. ‘டிஇம்போர்ட் ஓலே’ என்றால் இறக்குமதி செய்கிறது. ‘புவாத்தான் மலேசியா’ என்ற சொற்கள் தெளிவாக இருக்கின்றனவா என்று பாருங்கள். பட்டைக் குறியீடு 955 என்ற எண்ணில் தொடங்கினால் அது மலேசியப் பொருள் என்று சிலர் உறுதியாக நம்புகிறார்கள், அது சரியன்று. குறியீட்டை வாங்கிய நிறுவனம் இந்நாட்டில் பதிவு பெற்றது என்பதை மட்டுமே அந்த எண் காட்டும், பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதைக் காட்டாது. தயாரிப்பு இடத்தைப் பொய்யாகக் குறிப்பிடுவது 2011ஆம் ஆண்டின் வணிக விவரிப்புச் சட்டப்படி குற்றம் என்பதால், கடைக்காரரிடம் இதைத் தயங்காமல் கேட்கலாம்.

கடைக்குப் புறப்படும் முன் உங்கள் அடுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்புக்கு எல்லாப் பாத்திரங்களும் பொருந்தும். அடுக்குமாடி வீடுகளில் இப்போது பரவிவரும் இண்டக்‌ஷன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும் அடிப்பகுதி வேண்டும். மண்சட்டியும் வெறும் அலுமினியமும் அதில் சூடேறா.

அலுமினியத்தைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் மிகுதியாக விற்பதும் மிகுதியாகக் குழப்பம் தருவதும் அதுதான். சரவாக்கில் முக்காவிலும் சமலாஜுவிலும் நீர்மின்சாரத்தைக் கொண்டு அலுமினியம் உருக்கும் ஆலைகள் உள்ளன. உலோகமே இந்நாட்டில் உருவாகிறது என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் கடையில் உள்ள ஒவ்வொரு பானையும் அந்த உலோகத்தால் ஆனது என்று அதற்குப் பொருளில்லை. அலுமினியம் எவர்சில்வரைவிடப் பதினைந்து மடங்கு வேகமாக வெப்பத்தைப் பரப்பும். எடையோ இரும்பின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. இந்த இரண்டு குணங்களும் நன்மையாக அமைவது தகடு கனமாக இருந்தால்தான். விளிம்பை இரு கட்டை விரல்களாலும் அழுத்திப் பாருங்கள். வளைந்து கொடுத்தால் வைத்துவிடுங்கள். மெல்லிய தகட்டின் அடிப்பகுதி சில மாதங்களில் புடைத்து, அடுப்பின் மேல் ஆடத் தொடங்கும். நடுவில் மட்டும் அடிபிடிக்கும். மூன்று மில்லிமீட்டர் கனமுள்ள அடி இருந்தால் வீட்டுச் சமையலுக்குப் போதும்.

வெறும் அலுமினியத்தில் புளி, தக்காளி, அசாம் என்ற மலாய்ப் புளி சேர்ந்த எதையும் கொதிக்கவைத்து அதிலேயே இரவு முழுவதும் வைத்திருக்கக் கூடாது. புளிப்பும் உப்பும் உலோகத்தை அரிக்கும். உட்புறத்தில் ஊசி குத்தியதுபோல் குழிகள் தோன்றுவது அதனால்தான். உருளைக்கிழங்கு அவிக்க, புட்டுக்கு நீர் கொதிக்கவைக்க, தேநீர் போட அது நல்ல பாத்திரம். ரசத்துக்கும், அசாம் பெடாஸ் என்ற புளிப்பான மீன் குழம்புக்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம். மின்வேதி முறையில் மேற்பரப்பைக் கடினமாக்கிய, சாம்பல் நிறம் கொண்ட அனோடைஸ்டு அலுமினியத்தில் இந்தக் குறை பெரிதும் நீங்கியிருக்கும். ஆனால் அந்தப் படலம் சுரண்டப்பட்டுவிட்டால் அது மீண்டும் வெறும் அலுமினியமே.

பழைய உலோகக் கழிவை உருக்கி வார்த்த மலிவான சட்டிகளில் இன்னும் கவனம் வேண்டும். எந்திரப் பாகங்களும் பழைய கம்பிகளும் கலந்து உருக்கப்படும்போது காரீயம் உட்புகக்கூடும். அது கண்ணுக்கும் நாவுக்கும் தெரியாது. 2025ஆம் ஆண்டு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், இறக்குமதியான சில அலுமினிய, பித்தளைப் பாத்திரங்களிலிருந்தும், இண்டாலியம் என்ற அலுமினியக் கலவைப் பாத்திரங்களிலிருந்தும் காரீயம் உணவில் கலக்கக்கூடும் என்று எச்சரித்தது. இண்டாலியக் கடாய் நம் வீடுகளில் பல ஆண்டுகளாகப் புழங்கும் பொருள் என்பதால் இந்தச் செய்தியை அலட்சியம் செய்ய இயலாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில், தயாரித்தவர் யாரென்று தெரியாத வார்ப்புச் சட்டியைத் தவிர்ப்பதே நல்லது. தயாரித்தவரின் பெயரும் முகவரியும் முத்திரையாகப் பதிந்த பாத்திரத்தை நான் வற்புறுத்துவதற்கு இதுவே பெரிய காரணம்.

எவர்சில்வரில் நாம் கேட்க வேண்டியது அதன் தரம். 18/8 அல்லது 304 என்று குறித்திருந்தால், பதினெட்டு விழுக்காடு குரோமியமும் எட்டு விழுக்காடு நிக்கலும் கலந்த, புளிப்பைத் தாங்கும் எஃகு என்று கொள்ளலாம். 201 என்பது நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவு வகை. உப்புநீர் நின்றால் அதில் விரைவில் துருப்புள்ளி விழும். காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல எவர்சில்வர் என்று நம் பெரியவர்கள் சொல்வதுண்டு. 201 வகையிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், நம்மவர்கள் கடைத்தெரு என்று அழைத்துவந்த லெபு பாசாரின் பாத்திரக் கடைகளில், இந்தியாவிலிருந்தும் தாய்லாந்திலிருந்தும் வரும் எவர்சில்வர் பாத்திரங்கள் ஏராளம். உள்நாட்டுப் பொருள் வேண்டுமென்றால் அதைக் கேட்டே வாங்க வேண்டும்.

எவர்சில்வர் மட்டும் தனியாக இருந்தால் அது வெப்பத்தைச் சீராகப் பரப்பாது. அதனால்தான் அடியில் அலுமினியத் தட்டு ஒன்றை வைத்து மூடுகிறார்கள். பாத்திரத்தைக் கவிழ்த்து அந்தத் தட்டின் விட்டத்தைப் பாருங்கள். அது அடிப்பகுதி முழுவதையும் நிறைக்க வேண்டும். ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி இருந்தாலும், தீ அந்த வளையத்தைத் தாக்கி, பாயசமும் தேங்காய்ப் பால் குழம்பும் அங்கே வட்டமாகக் கருகும். பளபளப்பைப் பார்த்து மயங்குபவர்கள் கவிழ்த்துப் பார்க்க மறந்துவிடுகிறார்கள்.

இரும்புக் குவாலிக்குப் பினாங்கில் நீண்ட பின்னணி உண்டு. லெபு பந்தாயின் ஒரு பகுதியை ஹொக்கியன் மொழி பேசும் சீனர்கள் இரும்படிக்கும் தெரு என்றும், ஆர்மேனியன் தெருவைச் செம்பு தட்டும் தெரு என்றும் அழைத்து வந்தனர். சம்மட்டியின் ஓசை அந்தப் பெயர்களில் இன்னும் தங்கியிருக்கிறது. குவாலியில் வார்ப்பிரும்பு ஒரு வகை, எஃகுத் தகட்டை வளைத்துச் செய்தது மற்றொரு வகை. வார்ப்பிரும்பு சூட்டைப் பிடித்துவைக்கும், ஆனால் கீழே விழுந்தால் பிளந்துவிடும். தகட்டுக் குவாலி இலகுவானது. சம்பல் வதக்கவும் மீ கோரெங் புரட்டவும் அதுவே வசதி. எதுவானாலும், உட்புறத்தில் விரலை ஓட்டிப் பார்த்துச் சிறு துளைகளோ பிசிறுகளோ இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். கைப்பிடி ஒட்டுப்போட்டதாக இருந்தால் ஒட்டு சுற்றிலும் நிறைந்திருக்க வேண்டும். ஆணி அடித்ததாக இருந்தால் ஒரு பக்கத்துக்குக் குறைந்தது இரண்டு ஆணிகள் வேண்டும்.

வாங்கிய குவாலியைப் பழக்காமல் அடுப்பில் ஏற்றக் கூடாது. ஆலையில் பூசிய எண்ணெயைச் சுடுநீரும் சவர்க்காரமும் கொண்டு தேய்த்துக் கழுவி, தீயில் வைத்து ஈரத்தை முற்றிலும் போக்குங்கள். பிறகு துணியால் மிக மெல்லிய எண்ணெய்ப் பூச்சு ஒன்றைக் கொடுத்து, புகை வரும்வரை சூடேற்றி, ஆறவிடுங்கள். இதை நான்கு முறை செய்தால் எண்ணெய் இறுகிக் கருமையான படலமாக மாறும். முதல் சில நாள்களுக்கு வெங்காயம், கறிவேப்பிலை, அப்பளம் என எண்ணெய் சேர்ந்தவற்றையே சமையுங்கள்; புளிக்குழம்பை வைத்தால் படலம் கரைந்துபோகும்.

மண்சட்டிக்கு வருகிறேன். முழுக்க முழுக்க உள்நாட்டுப் பொருள் என்று நெஞ்சறிந்து சொல்லக்கூடியது இதுதான். சிலாங்கூரில், கோலசிலாங்கூரை அடுத்த கம்போங் குவாந்தானில், நம் தமிழ்க் குயவர்கள் பொங்கல் பானைகளும் சட்டிகளும் செய்கிறார்கள். தை பிறக்கும் முன் அந்தக் கைகளுக்கு ஓய்வு இருக்காது. கிளந்தானின் மம்போங்கில் பெண்கள் சக்கரமின்றிக் கையாலேயே மண்ணைத் தட்டி வனைந்து, திறந்த வெளியில் சுடுகிறார்கள். பேராக்கின் சாயோங்கில் செய்யப்படும் கரிய லாபு சாயோங் நீரைக் குளிர்விக்கும் கூஜா, அடுப்புக்கு உரியதன்று. அழகாக இருக்கிறதே என்று அதில் சமைக்க முற்பட வேண்டாம்.

மண்சட்டியை இடக்கையில் ஏந்தி, வலக்கை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்றாகச் சுட்டது. மந்தமாக ஒலித்தால் வெந்தது போதாது, அல்லது எங்கோ விரிசல் இருக்கிறது. கடைக்காரர் அனுமதித்தால் நீர் ஊற்றிச் சிறிது நேரம் வைத்துக் கசிவைப் பாருங்கள். உட்புறத்தில் வண்ண மெருகு பூசியதைத் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் தரமற்ற மெருகில் காரீயம் இருக்கக்கூடும். சனவரியில் கடைகளில் அடுக்கப்படும் வண்ணந்தீட்டிய பொங்கல் பானைகள் ஒரு நாள் பூசைக்கு உகந்தவை. அன்றாடச் சமையலுக்குச் சாயமில்லாத செம்மண் சட்டியே வேண்டும், தீயில் அந்தச் சாயம் கருகி நாற்றமெடுக்கும்.

பித்தளையும் செம்பும் குறித்துச் சுருக்கமாகச் சொல்லலாம். திரங்கானுவின் பித்தளை வார்ப்பு புகழ்பெற்றது. எனினும், சமைக்கும் பாத்திரத்துக்கு உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும், தேய்ந்தால் மீண்டும் பூச ஆள் வேண்டும். அந்த ஆளைக் கண்டுபிடித்த பிறகு பாத்திரத்தை வாங்குவதே முறை. 1885இல் கோலாலம்பூரில் தொடங்கிய ராயல் சிலாங்கூர் நிறுவனத்தின், பெரும்பாலும் வெள்ளீயத்தால் ஆன பியூட்டர் கிண்ணங்கள் பரிமாறுவதற்கு மட்டுமே. வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும், ஆகையால் அவற்றைத் தீக்கு அருகிலும் கொண்டுபோக வேண்டாம். ஒட்டாத பூச்சுள்ள தோசைக்கல்லை நான் விலக்கவில்லை. அதை வெறுமையாகச் சூடேற்றாமல் இருந்தால் போதும். 260 பாகைக்கு மேல் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும்.

எந்தப் பாத்திரமானாலும் நீர் நிரம்பிய நிலையில் அதை உங்களால் தூக்க முடியுமா என்று எண்ணிப் பாருங்கள். ஐந்து லிட்டர் பானையில் நீரே ஐந்து கிலோ. வீட்டில் சமைப்பவர் மணிக்கட்டு வலியுள்ள அம்மாவாக இருந்தால், நீண்ட ஒற்றைக் கைப்பிடியைவிட இரு காதுகள் கொண்ட பாத்திரமே அவருக்கு ஏற்றது. ரசீதைப் பத்திரமாக வையுங்கள். பொருள் பழுதாகிக் கடைக்காரர் கைவிரித்தால், ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. பினாங்கில் இருப்பவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தையும் நாடலாம்.

மண்சட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் ஒரு நாள் முழுவதும் நீரில் மூழ்கவைத்து, நிழலில் உலர்த்தி, பிறகு அரிசிக் கஞ்சியை நிரப்பி மெல்லிய தீயில் கொதிக்கவிடுங்கள். மண்ணின் நுண்துளைகள் அடைபட்டுக் கசிவு நிற்கும். சூடான சட்டியை ஈரமான சிமெண்டு மேடையில் வைக்காமல் சும்மாட்டின் மேலோ மரப்பலகையின் மேலோ வையுங்கள். சவர்க்காரத்தை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், கடலை மாவும் தேங்காய் நாரும் கொண்டு கழுவுங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிகுதி. நன்றாக உலராமல் மூடி போட்டு வைத்தால் மூன்றாம் நாளே பூஞ்சை படரும். ஆகவே கழுவிய சட்டியைச் சன்னலோரத்தில் கவிழ்த்துவைத்து, முழுவதும் காய்ந்த பிறகு, மூடாமலேயே அலமாரியில் எடுத்துவையுங்கள்.