அலாய் முதலில், டயர் அப்புறம்: ஆட்டோகிராஸுக்குக் கிளம்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

காங்கேயம் பக்கம் எங்கள் கொப்பரைக் களத்தில் மூட்டை நிறுக்க ஒரு எலக்ட்ரானிக் தராசு உண்டு. என் ஸ்விஃப்டுக்கு ஆசைப்பட்டு 16 இஞ்ச் அலாய் சக்கரங்கள் வாங்கிய அன்று, அதில் ஒன்றை டயரோடு தூக்கித் தராசில் வைத்தேன். 19 கிலோ 400 கிராம். காரிலிருந்து கழற்றிப் போட்ட 14 இஞ்ச் இரும்பு டிஸ்க்கையும் டயரோடு வைத்தேன். 14 கிலோ 200. கொப்பரையைப் புரட்டிக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்துவிட்டு, "காசு குடுத்துக் கனத்த வாங்கியிருக்கியே கண்ணு" என்றார்.

அலாய் என்றாலே இலேசு என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். விலை குறைந்த வார்ப்பு அலாய், அதுவும் ஒன்றிரண்டு இஞ்ச் பெரிதாகப் போனால், பழைய இரும்பைவிடக் கனமாக இருப்பது சாதாரணம். நாலு சக்கரத்துக்கும் சேர்த்து எனக்கு 20 கிலோவுக்கு மேல் ஏறியிருந்தது. டிக்கியில் 20 கிலோ அரிசி மூட்டை கிடந்தால் இவ்வளவு கெடுதல் இல்லை. சக்கரத்தின் எடையை எஞ்சின் சுழற்றியும் ஆக வேண்டும், பிரேக் அதை நிறுத்தியும் ஆக வேண்டும். ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிற எடை வேறு. மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுவிட்டுத் திரும்பப் பிடிக்கத் தாமதமாகும். ஆட்டோகிராஸில் ஒரு நேரத்தில் ஒரு கார்தான் கோன்களுக்கு நடுவே கடிகாரத்தோடு போட்டி போடும். பெரும்பாலும் ஒரு நிமிடம் சொச்சத்தில் முடிந்துவிடும் ஓட்டம். அது முழுக்க வேகமெடு, நிறுத்து, திருப்பு, மறுபடி வேகமெடு. கனமான சக்கரத்தை அதைவிட நன்றாகத் தண்டிக்கிற விளையாட்டு கிடையாது.

அன்றைக்கு எடை பார்க்காமல் வாங்கியதைவிட, வரிசையைத் தலைகீழாக்கியதுதான் பெரிய தப்பு. தரை எது, விதி என்ன என்று முதலில் பார்க்க வேண்டும். அதற்கேற்ற டயரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அந்த டயர் சரியாக உட்காரும் ரிம்மைக் கடைசியில் வாங்க வேண்டும். நாமோ கடைக்குள் நுழைந்ததும் சுவரில் மின்னுகிற அலாயைக் கைகாட்டிவிட்டு, "இதுக்கு என்ன டயருங்க போடலாம்?" என்று கேட்கிறோம்.

மண்ணா, தாரா?

செட்டிபாளையத்தில் ரேஸ் ஓட்டுநர் கரிவர்தன் நினைவாக 2003-இல் வந்த கரி மோட்டார் ஸ்பீட்வே இருப்பதால், கோவைப் பக்கத்துப் பையன்களுக்கு ரேஸ் என்றாலே தார்தான் கண்ணில் வரும். ஆனால் நம் நாட்டில் ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண்ணில் நடக்கிறது. இரண்டுக்கும் வேண்டிய டயர் நேரெதிர்.

நம் செம்மண் தரையில் மேலே ஒரு விரற்கடை புழுதியும் பொடிக்கல்லும் கிடக்கும், அடியில் தரை கெட்டியாக இருக்கும். அகலமான டயர் அந்தப் புழுதி மேல் மிதந்து வழுக்கும். குறுகலான டயர் அதைக் கீறிக்கொண்டு போய் அடியில் பிடிக்கும். ஆகவே மண்ணுக்கு 14 இஞ்ச் இரும்பு டிஸ்க்கும், பக்கவாட்டுச் சுவர் உயரமான, பட்டன் (தரையைக் கவ்வும் ரப்பர் கட்டைகள்) ஆழமான டயரும் போதும். பக்கவாட்டுச் சுவர் தாட்டியாக இருப்பது முக்கியம், கல்லில் கிழிவது பெரும்பாலும் அங்கேதான். இரும்பு டிஸ்க் குழியில் விழுந்தால் நெளியும், சுத்தியலால் தட்டி அன்றைய ஓட்டத்தை முடித்துவிடலாம். வார்ப்பு அலாய் விண்டுவிடும். நல்ல அலாயை மண்ணுக்குக் கொண்டுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு பகீர் என்கிறது.

மண்ணில் இன்னொரு தப்பு, பிடிப்பு வேண்டும் என்று காற்றைக் கண்டபடி இறக்கிவிடுவது. திருப்பத்தில் டயரின் ஓரம் ரிம்மை விட்டு விலகி, இடுக்கில் மண் புகுந்து, காற்று மொத்தமாகப் போய்விடும். ஒரு தடவை அப்படிப் போனால் பஞ்சர் கடைக்குப் போய் முழுக்கக் கழற்றிக் கழுவித்தான் போட முடியும்.

ஸ்லிக் என்ற சபலம்

தார் அல்லது கான்கிரீட் தரை என்றால் அகலமும் மிருதுவான ரப்பரும் கை கொடுக்கும். அங்கே வருகிற சபலம், ரேஸ் காரில் ஓடிய, பட்டனே இல்லாத ஸ்லிக் டயரை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்குவது. நம் ஊரில் ட்ராக் இருப்பதால் அது யார் மூலமாவது கண்ணில் பட்டுவிடும். அந்த ரப்பர் நன்றாகச் சூடேறினால்தான் ஒட்டும். சர்க்யூட்டில் ஓடுகிறவர் சுற்றுக்கு மேல் சுற்று போய் அந்தச் சூட்டைக் கொண்டுவருகிறார். நமக்குக் கிடைப்பது ஒரு நிமிட ஓட்டம். டயர் சூடேறுவதற்குள் வண்டி நின்றுவிடும். அது மட்டுமா? ஒவ்வொரு முறை சூடேறி ஆறும்போதும் அந்த ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும். பலமுறை சூடேறிய டயர் பார்க்க மொழுமொழுவென்று இருந்தாலும் கட்டை விரல் நகம் இறங்காது. காசு கொடுத்து மொட்டை டயர் வாங்கிய கதைதான்.

வெளிநாட்டு ஆட்டோகிராஸ்காரர்கள் அதிகம் பேசுவது '200 ட்ரெட்வேர்' டயர்களைப் பற்றி. ரோட்டிலும் ஓட்டலாம், மிருதுவான ரப்பரும் உண்டு. அமெரிக்காவில் போட்டிகளை நடத்தும் எஸ்சிசிஏ என்ற கார் கிளப்பின் ஸ்ட்ரீட் வகுப்புகளில் 200-க்குக் கீழே இருக்கும் டயரை விடுவதில்லை. அதனால் பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஆர்இ-71ஆர்எஸ், யோகஹாமா அட்வான் ஏ052 போன்றவை அங்கே பிரபலம். இந்த எண்ணைத் தராசு எடை மாதிரி நம்பிவிடக் கூடாது. ஒரு ஒப்பீட்டு டயரை 100 என்று வைத்துக்கொண்டு, தேய்மானத்தைச் சோதித்து அந்தந்தக் கம்பெனியே போட்டுக்கொள்ளும் எண் அது. ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொரு கம்பெனியின் 200-உடன் ஒப்பிட முடியாது. ஒரே எண் போட்ட இரண்டு டயர்கூட வேறு வேறு சுபாவம். ஏ052 சட்டென்று ஒட்டும், அடுத்தடுத்து ஓடினால் சூடு தாங்காமல் தளரும். ஹான்கூக் ஆர்எஸ்4 நிதானமாகச் சூடேறும், வெகுநேரம் தாங்கும். அது ட்ராக் நாளுக்கு நல்லது, ஒரு நிமிட ஓட்டத்துக்கு அவ்வளவு இல்லை.

இங்கே வாங்குவது வேறு சங்கடம். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலுக்கு மாற்றிய பிறகு, இந்த மாதிரி டயர் நினைத்தவுடன் கிடைக்கிற சரக்கில்லை. யாரோ ஒருவர் 'வெளிநாட்டு டயர், ஓடவே இல்லை' என்று நீட்டினால் பக்கவாட்டில் நீள்வட்டக் கட்டத்துக்குள் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம் செய்தது. ஓடவில்லை என்பது உண்மையாகவே இருக்கட்டும், வருடம் ஓடிவிட்டதே. அப்புறம், அந்த டயருக்கு உங்கள் போட்டியில் அனுமதி உண்டா என்று அந்தப் போட்டிக்கென்றே வெளியிடும் துணை விதிகளில் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள். வகுப்புக்கு வகுப்பு மாறும்.

என்னைக் கேட்டால் முதல் வருடம் நல்ல ரோடு டயரிலேயே ஓடலாம். அது வழுக்குவதற்கு முன் கத்திச் சொல்லும். போட்டி டயர் கடைசிவரை பிடித்துக்கொண்டே வந்து சட்டென்று கைவிட்டுவிடும்.

உட்காருவதும் பொருந்துவதும்

டயர் முடிவானால் ரிம் அகலம் தானே வந்துவிடும். 195/50 ஆர்15-க்கு (அகலம் 195 மில்லிமீட்டர், சுவர் உயரம் அதில் 50 சதவீதம், ரிம் விட்டம் 15 இஞ்ச்) 5.5 முதல் 7 இஞ்ச் ரிம், 205/50 ஆர்15-க்கு 5.5 முதல் 7.5 வரை. குறுகலான ரிம்மில் அகல டயரைத் திணித்தால் பலூன் மாதிரி புடைத்து, திருப்பத்தில் சுவர் மடங்கும்.

அகலத்தைவிட நான் பயப்படுவது நட்டுக்கு. இந்திய ஸ்விஃப்டுக்கும் ஹூண்டாய் ஐ20-க்கும் நாலு நட்டு, 100 மில்லிமீட்டர் பிசிடி (நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம்), நடு ஓட்டையும் 54.1. சக்கரம் ஒன்றில் இருந்து மற்றதில் அழகாக உட்காரும். அதை நம்பி ஒரு போட்டிக் காலையில் நண்பனின் ஐ20 நட்டுகளை வாங்கி என் வண்டியின் ஸ்டட்டில் (நட்டு ஏறும் மரைக் கம்பி) ஏற்றினேன். அரைச் சுற்றில் இறுகியது. வீல் பானாவை எடுத்து ஏறி மிதிக்கப் போனபோது, பக்கத்து வண்டிக்கு வந்திருந்த ஒரு வயதான மெக்கானிக் கையைப் பிடித்துவிட்டார். "தம்பி, நட்டு கையிலயே நாலு சுத்துப் போகோணும். அப்பறந்தான் பானா." சுசுகிக்கு ஸ்டட் தடிமன் 12, மரை இடைவெளி 1.25 மில்லிமீட்டர். ஹூண்டாய்க்குத் தடிமன் அதே 12, மரை இடைவெளி 1.5. மிதித்திருந்தால் ஸ்டட் மரை தின்று போயிருக்கும். அதற்கப்புறமும் நட்டு இறுகினது போலத்தான் தெரிந்திருக்கும், அதுதான் ஆபத்து.

மரை சரியாக இருந்தாலும் நட்டின் அடிப்பகுதி ஒத்துவர வேண்டும். ஹோண்டாவின் கம்பெனி சக்கரத்துக்கு உருண்டை அடி. வெளியே விற்கும் அலாய்கள் பெரும்பாலும் கூம்பு அடிக்கானவை. மாற்றிப் போட்டால் நூலளவு இடத்தில்தான் நட்டு தொட்டுக்கொண்டிருக்கும். பழைய சாமான் கடையில் அலாய் பொறுக்கினால் பிசிடியை அளந்து பாருங்கள். ஃபியட் புன்டோவுக்கு 98. அந்தச் சக்கரத்தை 100-க்கான வண்டியில் வைத்து இறுக்கினால் ஏறுகிற மாதிரி ஏறும், ஸ்டட்டை வளைத்துக்கொண்டு. நடு ஓட்டை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் வளையம் போடாமல் ஓட்டாதீர்கள், ஸ்டியரிங் உதறும். ஸ்பேசர் (சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கும் தகடு) வைத்துச் சரிக்கட்டும் யோசனையை விட்டுவிடலாம்.

உயரக் கணக்கு ஒன்று இருக்கிறது, பலர் போடுவதில்லை. 15 இஞ்ச் சக்கரத்தோடு வரும் ஸ்விஃப்டின் 185/65 ஆர்15 டயருக்கு மொத்த விட்டம் 621 மில்லிமீட்டர் சொச்சம். அதே ரிம் விட்டத்தில் 195/50 போட்டால் 576. கிட்டத்தட்ட 7 சதவீதம் குறைகிறது, வண்டி 22 மில்லிமீட்டர் சொச்சம் தாழ்கிறது. கியர் குட்டையாவதால் வண்டி துள்ளிப் புறப்படும், அது நல்லதுதான். ஆனால் எல்லாரும் ஓட்டத்தில் பெரும்பகுதி இரண்டாம் கியரிலேயே போகிற தளத்தில், உங்களுக்கு மட்டும் நீள்பகுதியின் கடைசியில் எஞ்சின் எல்லையைத் தொட்டு மூன்றாவது கேட்கும். இரண்டு கியர் மாற்றத்தில் துள்ளலில் சம்பாதித்தது போய்விடும்.

காற்று, தண்ணீர், மோட்டார் ரூம்

காற்றழுத்தத்துக்கு இன்னொருவர் சொல்லும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். டயர் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். அந்த இடத்தில் சாக்பீஸைக் குறுக்கே தீட்டிவிட்டு ஒரு ஓட்டம் போய் வாருங்கள். குறியைத் தாண்டி அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று ஏற்ற வேண்டும். குறிக்கு வெகு முன்னாலேயே நின்றுவிட்டால் இறக்கலாம். முன்சக்கர இழுவை வண்டியில் முன் டயரும் பின் டயரும் ஒரே எண்ணில் நிற்காது. காலையில் ஆறிய டயரில் வைத்த காற்று, வெயிலும் ஓட்டமும் சேர்ந்த மத்தியானத்தில் சில பிஎஸ்ஐ ஏறியிருக்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்கு அப்புறமும் அளந்து எழுதி வையுங்கள்.

இரண்டு பேர் ஒரே வண்டியை மாற்றி மாற்றி ஓட்டினால் முன் டயர் கொதிக்கும். தோட்டத்தில் மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு போய்த் தெளித்தால் போதும். முந்தின வாரம் தக்காளிக்கு அடித்த மருந்து அதில் மிச்சமிருக்கக் கூடாது என்பதை வீட்டில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

போட்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் செட்டைக் கழற்றி எங்கே போடுகிறோம்? கிணற்று மோட்டார் ரூமில். நம் பக்கம் உதவாததெல்லாம் அங்கேதான் சேரும். மோட்டார், வெல்டிங் மெஷின் அருகே டயரை வைக்க வேண்டாம் என்று டயர் கம்பெனிகளே சொல்கின்றன. தீப்பொறியில் உண்டாகும் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விட வைக்கும். ஸ்டார்ட்டர் பெட்டிக்குக் கீழே இரண்டு கோடை அடுக்கி வைத்த என் முதல் செட், சுவரெல்லாம் காய்ந்த வாய்க்கால் மாதிரி விரிந்து கிடந்தது. இப்போது புது செட்டைக் கறுப்புப் பையில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். பழைய டயரில் ஒன்றை அம்மா தென்னங்கன்றைச் சுற்றிப் போட்டிருக்கிறார், ஆடு மேயாமல் இருக்க.