கீமோ மாத்திரைகளுடன் ஊர் திரும்பும் முன் மருந்தாளுநரிடம் கேட்டறிய வேண்டியவை

கடலூர், பண்ருட்டி, சிதம்பரம் பகுதிகளிலிருந்து புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையத்திற்கு வருவோரில் பலர், உள்நோயாளியாகத் தங்காமல், காலையில் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாத்திரைகளுடன் அன்றே ஊர் திரும்புகிறார்கள். அதன்பின் அடுத்த பரிசோதனை வரை மருந்தை அளவு தவறாமல் கொடுக்கும் பொறுப்பு குடும்பத்தாருடையது. அதற்குத் தேவையான விளக்கத்தைத் தரக்கூடியவர் மருந்தாளுநர். வரிசை நீளமாக இருக்கிறதே என்று தயங்காமல் அவரிடம் நேரம் கேட்டுப் பெறுங்கள்.

முதலில், நோயாளி சாப்பிடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் மட்டுமன்றி, வலி மாத்திரை, சத்து மாத்திரை, சித்த மருந்து, கஷாயப் பொடி அனைத்தும் அதில் இருக்க வேண்டும். வெவ்வேறு மருத்துவர்கள் எழுதிய சீட்டுகளை ஒன்றாக வைத்து, எது எதனோடு ஒத்துப்போகாது என்று பார்ப்பது மருந்தாளுநரின் முதன்மையான பணி. என் கருத்தில், அவர் செய்யும் வேலைகளில் உயிர் காப்பதும் இதுவே. குடல் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தரப்படும் கேப்சிடபினை, இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபாரின் சாப்பிடுபவர் எடுத்துக்கொண்டால் கடுமையான இரத்தக்கசிவு ஏற்படலாம். வலிப்புக்கான ஃபெனிடாயின் அளவு அதே கேப்சிடபினால் இரத்தத்தில் கூடிவிடும். சத்து மாத்திரையிலுள்ள ஃபோலிக் அமிலம்கூட அதன் பக்கவிளைவுகளை அதிகப்படுத்தக்கூடும். நுரையீரல் புற்றுநோய்க்கான எர்லோட்டினிப் சாப்பிடுபவர், வயிற்றெரிச்சலுக்குத் தாமாகவே பான்டோபிரசோல் வாங்கிப் போட்டால், புற்றுநோய் மருந்து உடலில் சரியாகச் சேராது.

அடுத்து, மாத்திரை சாப்பிடும் நாட்களையும் நிறுத்தும் நாட்களையும் நாட்காட்டியில் குறித்துத் தரச் சொல்லுங்கள். கேப்சிடபினைப் பொதுவாக 14 நாட்கள் இருவேளையும் சாப்பிட்டு, 7 நாட்கள் நிறுத்துவார்கள். உணவு முடித்த 30 நிமிடங்களுக்குள் தண்ணீருடன் விழுங்க வேண்டும். மாறாக, புராஸ்டேட் புற்றுநோய்க்கான அபிராட்டிரோன் மாத்திரையை வழக்கமாக வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டும். எனவே, பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட முறை உங்களுக்கும் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். ஒருவேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரட்டிப்பாகப் போடக் கூடாது. வாந்தியில் மாத்திரை வெளியேறினாலும் நீங்களாக மறுபடி கொடுக்காமல் கேட்டறிந்து செய்யுங்கள்.

இம்மாத்திரைகளைப் பொடிக்கவோ உடைக்கவோ கூடாது. விழுங்க முடியாதவருக்கு வேறு வழி உண்டா என்பதை மருந்தாளுநரிடமே கேளுங்கள். எடுத்துக் கொடுப்பவர் கையுறை அணிவது நல்லது. பிறகு கையைக் கழுவ வேண்டும். வீட்டிலுள்ள கர்ப்பிணிகள் அவற்றைத் தொடக் கூடாது.

வெள்ளணுக்களை உயர்த்தும் ஃபில்கிராஸ்டிம் ஊசியை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால், அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் காக்க வேண்டும். சித்திரை வெயிலில் பேருந்தில் கடலூர் வரை கையில் பிடித்துக்கொண்டு போவது சரியல்ல, குளிர்ப்பெட்டி கொண்டுவாருங்கள். ஊசி உறையக் கூடாது என்பதால் பனிக்கட்டியின் மேல் நேரடியாக வைக்காதீர்கள்.

எந்த அறிகுறி வந்தால் காத்திருக்கக் கூடாது என்பதையும், இரவில் எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் எழுதி வாங்குங்கள். காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், பாராசிட்டமால் போட்டு விடியும் வரை பார்ப்பது ஆபத்தானது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் வேளையில் கிருமித்தொற்று சில மணி நேரத்திலேயே முற்றிவிடும். ஓயாத வயிற்றுப்போக்கு, உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து எரிந்து கொப்புளம் எழுதல், வாய்ப்புண்ணால் தண்ணீர்கூட இறங்காமை ஆகியவற்றுக்கும் அன்றே அழைக்க வேண்டும்.

அடுத்த முறை வரும்போது காலி அட்டைகளையும் மீந்த மாத்திரைகளையும் எடுத்து வாருங்கள். எத்தனை வேளை தவறியது என்பதை மருந்தாளுநர் அவற்றை எண்ணியே அறிந்துகொள்வார். மீந்தவற்றைக் குப்பையிலோ கழிவறையிலோ போடாமல் எப்படி அகற்றுவது என்றும் சொல்வார்.