உடனடி கிரெடிட் கார்டு: ஓடிபியைத் தட்டும் முன் கவனிக்க வேண்டியவை

"வாழ்த்துகள்! 1,50,000 ரூபாய் வரம்புடன் உங்கள் கிரெடிட் கார்டு தயார்" என்று குறுஞ்செய்தி வரும்போது, வங்கி உண்மையில் எதையும் இன்னும் தந்துவிடவில்லை. உங்கள் பான் எண்ணையும் பழைய கடன் விவரங்களையும் பார்த்து ஒரு கணினி முதற்கட்ட முடிவு எடுத்திருக்கிறது. அதற்குப் பிறகு ஆதார் ஓடிபி, வருமானச் சரிபார்ப்பு, அசல் பான் அட்டையைக் காட்டி வீடியோ அழைப்பில் அடையாளத்தை உறுதிசெய்யும் வீடியோ கேஒய்சி என்று படிகள் உண்டு. அவற்றில் எந்தப் படியிலும் விண்ணப்பம் நின்றுபோகலாம். இந்த வேகம் வங்கிக்கு வசதியானது. நமக்கோ அந்த ஐந்து நிமிடத்தில் நடப்பது, ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டக்கூடிய வட்டிக்கு ஒப்புக்கொள்ளும் காரியம். ஓடிபியைத் தட்டுவதுதான் கையெழுத்து.

மிகப் பலர் செய்யும் தவறு, ஒரு வங்கி மறுத்தவுடன் அதே வாரத்தில் அடுத்தடுத்து நான்கைந்து இடங்களில் விண்ணப்பிப்பது. ஒவ்வொரு விண்ணப்பத்தின்போதும் வங்கி, நீங்கள் வாங்கிய கடன்களையும் அவற்றை அடைத்த விதத்தையும் காட்டும் உங்கள் கடன் அறிக்கையைக் கேட்டு வாங்குகிறது. கார்டு கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்த விசாரணை அறிக்கையில் பதிவாகிறது. குறுகிய காலத்தில் இப்படிப் பல பதிவுகள் இருந்தால், பணத்துக்குத் தவிக்கும் ஆள் என்றே அடுத்த வங்கி எண்ணும், உங்கள் கடன் நம்பகத்தன்மையைக் காட்டும் மதிப்பெண்ணான ஸ்கோரும் இறங்கும். மறுப்பு வந்தால் முதலில் காரணத்தைக் கேளுங்கள். விண்ணப்பத்தை நிராகரிக்கும் வங்கி, அதற்கான குறிப்பிட்ட காரணத்தை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் விதிகள் சொல்கின்றன. கேட்காமல் விடுவதால்தான் ஒரே குறைக்காக ஐந்து இடங்களில் மறுக்கப்படுகிறோம்.

விண்ணப்பிப்பதற்கு முன் உங்கள் அறிக்கையை நீங்களே பார்ப்பது நல்லது. அதனால் ஸ்கோர் குறையும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது, குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய, கடன் விவரங்களைத் திரட்டி வைக்கும் நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அடைத்து முடித்த நகைக்கடன் இன்னும் பாக்கியாகக் காட்டப்படுவது போன்ற பிழைகள் அதில் இருந்தால் புகார் செய்யுங்கள். 30 நாட்களுக்குள் தீர்க்கப்படாவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கோர விதி இருக்கிறது.

இதுவரை கடனே வாங்காதவர்களுக்கு ஸ்கோர் இருக்காது. அவர்களுக்கு வைப்புத்தொகையின் பேரில் தரப்படும் கார்டே நேர்மையான வழி என்பது என் கருத்து. ஆனால் பாக்கியைக் கட்டாவிட்டால் வங்கி அந்த வைப்புத்தொகையிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

வணிக வளாகத்திலோ பெட்ரோல் பங்கிலோ நிற்கும் முகவரிடம் விண்ணப்பத்தை நிரப்பக் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்க்காதீர்கள். அவருக்கு மாத இலக்கு இருக்கிறது. உங்கள் சம்பளத்தைக் கூட்டி எழுதினாலும் பொறுப்பு உங்களுடையதுதான். காப்பீடு வேண்டும் என்ற கட்டத்தில் முன்கூட்டியே குறி இடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் அதைச் சேர்க்கக் கூடாது.

"வாழ்நாள் முழுவதும் இலவசம்" என்பது ஆண்டுக் கட்டணத்தை மட்டுமே குறிக்கிறது. தாமதக் கட்டணம், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம், ஏடிஎம்மில் பணம் எடுக்கும் கட்டணம் எல்லாம் அப்படியே இருக்கும். வட்டி விகிதமும் கட்டணங்களும் அடங்கிய ஒரு பக்கச் சுருக்கத்தை விண்ணப்பத்தோடு சேர்த்துத் தருவது வங்கியின் கடமை. வேறு எதையும் படிக்க நேரமில்லை என்றாலும் அந்த ஒரு பக்கத்தைப் படித்துவிடுங்கள்.

அதில் முதலில் தேட வேண்டியது மாத வட்டி. 3.5 சதவீதம் என்று போட்டிருந்தால் சிறியதாகத்தான் தெரியும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 30,000 ரூபாய் பாக்கி ஒரு மாதம் அப்படியே நின்றால் வட்டி 1,050 ரூபாய். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 189 ரூபாய். ஆக 1,239 ரூபாய். பில்லில் உள்ள "குறைந்தபட்சத் தொகை" 5 சதவீதம் என்று வைத்துக்கொண்டு 1,500 ரூபாய் கட்டினால், அசலில் குறைவது வெறும் 261 ரூபாய். குறைந்தபட்சத் தொகையைக் கட்டினால் தாமதக் கட்டணம் வராது, அறிக்கையில் கரும்புள்ளி விழாது. ஆனால் கடன் அசையாது. அதோடு, முழுத் தொகையைக் கட்டாதபோது வட்டியில்லாக் காலச் சலுகையும் போய்விடுகிறது. புதிதாக வாங்கும் மளிகைக்கும் மருந்துக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். இந்த வட்டிக்கு 30 சதவீத உச்சவரம்பு விதித்து தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் அளித்த தீர்ப்பை, 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. எனவே சட்டம் தடுத்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. மாதா மாதம் முழு பில்லையும் கட்ட முடியாத நிலையில் இருப்பவர், எவ்வளவு சலுகை காட்டினாலும் இப்போதைக்குக் கார்டு வாங்கக் கூடாது என்றே சொல்வேன். ஏடிஎம்மில் பணம் எடுப்பதற்கோ சலுகைக் காலமே கிடையாது.

"உடனடி ஒப்புதல்" என்ற சொல்லை மோசடிக்காரர்களும் நன்றாகப் பயன்படுத்துகிறார்கள். வாட்ஸ்அப்பில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) வந்தால் நிறுவாதீர்கள். அது உங்கள் போனில் வரும் ஓடிபிகளைப் படித்துவிடக்கூடும். கார்டு கொடுக்க முன்பணம் கேட்பவர் வங்கியைச் சேர்ந்தவர் அல்லர். வங்கியின் சொந்தச் செயலியையோ இணையதளத்தையோ நீங்களே திறந்து விண்ணப்பியுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணை அழைத்துவிட்டு வங்கிக்கும் தெரிவியுங்கள்.

அவசரத்தில் வாங்கிவிட்ட கார்டு வேண்டாம் என்று தோன்றினால், மேசை இழுப்பறையில் போட்டுவைப்பது தீர்வாகாது. வழங்கிய 30 நாட்களுக்குள் நீங்கள் கார்டைச் செயல்படுத்தவில்லை என்றால், வங்கி ஓடிபி மூலம் உங்கள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். சம்மதம் தராவிட்டால் கட்டணமின்றிக் கணக்கை மூட வேண்டும். பயன்படுத்திய கார்டாக இருந்தால் பாக்கியை அடைத்துவிட்டு, அதில் இணைத்த ஓடிடி சந்தா போன்ற தானியங்கிக் கட்டணங்களை நிறுத்திவிட்டு, எழுத்து மூலம் மூடச் சொல்லுங்கள். 7 வேலை நாட்களுக்குள் மூடாவிட்டால் நாளொன்றுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். ஓரிரு மாதம் கழித்து கடன் அறிக்கையில் அந்தக் கணக்கு "மூடப்பட்டது" என்று வந்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.